முழங்கால் வரைதான் அனுமதி

விசில் சத்தம் கேட்டதும் நான்கு பேரும் அப்படியே நின்றோம்.

தண்ணீர் அப்போதுதான் முழங்காலைத் தாண்டியிருந்தது. பச்சையும் நீலமும் கலந்த அந்தத் தெளிந்த கடலில் இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் நீந்தத் தொடங்கியிருப்போம். கரையில் நின்ற பூங்காப் பணியாளர் கையை அசைத்துப் பின்னால் வரச் சொன்னார். “நானூறு பாட் கட்டிவிட்டுக் காலை மட்டும் நனைக்கவா வந்தோம்?” என்று நண்பன் முணுமுணுத்தான். வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் எனக்கும் அதே எண்ணம்தான்.

தொடக்கக் கல்லூரித் தேர்வுகள் முடிந்ததும் டிசம்பரில் நாங்கள் நால்வர் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் சென்றோம். சாங்கியிலிருந்து இரண்டு மணி நேரத்திற்கும் குறைவான பயணம். அங்கிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஃபி ஃபி லே தீவு. அத்தீவில்தான் சமூக ஊடகங்களில் நீங்களும் பலமுறை பார்த்திருக்கக்கூடிய மாயா விரிகுடா இருக்கிறது. மூன்று பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், நடுவே 250 மீட்டர் நீளமுள்ள வெண்மணல்.

ஊர் திரும்பிய பிறகும் அந்த விசில் சத்தம் மனத்தை விட்டுப் போகவில்லை. ஏன் அந்த விதி? அது சரியானதுதானா? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியபோது, அவை தாய்லாந்தோடு முடியாமல் ஃபேரர் பார்க்கில் உள்ள என் வீட்டு வாசல் வரை வந்து நின்றன.

ஒரு திரைப்படமும் ஒரு கடற்கரையும்

மாயா விரிகுடா உலகப் புகழ் பெற்றது ஒரு ஹாலிவுட் திரைப்படத்தால். லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ 2000ஆம் ஆண்டில் வெளியானது. யாருக்கும் தெரியாத, மனிதர் கால்படாத ஒரு கடற்கரையைத் தேடிச் செல்லும் இளையர்களின் கதை அது. அந்தப் படம் வந்த பிறகு, யாருக்கும் தெரியாத இடமாக அது இருக்கவில்லை.

1999ல் நடந்த படப்பிடிப்புக்காகக் கடற்கரையின் அமைப்பே மாற்றப்பட்டது. அங்கு வளர்ந்திருந்த செடிகொடிகள் அகற்றப்பட்டன, மணல்மேடுகள் சமன் செய்யப்பட்டன, தென்னை மரங்கள் கொண்டுவந்து நடப்பட்டன. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 2022ல்தான் தாய்லாந்து உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது.

அதைவிடப் பெரிய சேதம் அதன் பின்னர் வந்த கூட்டத்தால் ஏற்பட்டது. உச்சத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5,000 பேரும் 200 படகுகளும் அந்தச் சிறிய விரிகுடாவுக்குள் வந்து போயினர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 250 மீட்டர் கரையில் 5,000 பேர் என்றால், ஒரு நாளில் மீட்டருக்கு 20 பேர்.

2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி தாய்லாந்து அதிகாரிகள் விரிகுடாவை மூடினர். நான்கு மாதங்கள் போதும் என்பது முதல் கணிப்பு. அக்காலம் முடிவதற்குள்ளேயே அது போதாது என்பது தெரிந்துவிட்டது. மறுபடி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 1ஆம் தேதிதான். நான்கு மாதம் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

பவளம் எப்படிச் சாகிறது?

பவளப்பாறை என்ற பெயரில் ‘பாறை’ இருப்பதால் அது கல் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது உயிர். சின்னஞ்சிறு உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது, பவளம் பாசிக்கு இருப்பிடம் கொடுக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதுதான்.

படகின் நங்கூரம் விழுந்தால் கூடு நொறுங்குகிறது. இயந்திர விசிறி மணலைக் கலக்கினால் ஒளி தடைப்படுகிறது, பாசியால் உணவு தயாரிக்க முடிவதில்லை. ஆழமற்ற இடத்தில் மனிதர் கால் பட்டால் கிளைகள் ஒடிகின்றன. பல பவள வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. ஒரு நொடியில் மிதித்து உடைத்ததைக் கடல் திரும்பக் கட்ட, நம் பள்ளிப் பருவம் முழுவதும் தேவைப்படலாம்.

மூடியிருந்த காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட பவளத் துண்டுகளை அறிவியலாளர்களும் தொண்டூழியர்களும் அங்கு நட்டனர். துடுப்பின் நுனி கறுத்திருக்கும் சிறிய வகைச் சுறாக்கள் விரிகுடாவுக்குத் திரும்பி வந்தன. அவை மனிதரைத் தாக்கும் இயல்புள்ளவை அல்ல, கூச்ச சுபாவம் கொண்டவை. கூட்டம் இருந்தால் விலகிப் போய்விடும். அவற்றின் வருகையே கடல் நலம் பெற்று வருகிறது என்பதற்கு அடையாளம்.

திறந்தபோது விதிகள் அடியோடு மாறியிருந்தன. படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது. தீவின் மறுபக்கத்தில் உள்ள லோ சமா விரிகுடாவில் மிதவை மேடையில் இறங்கி, மரப்பாதையில் நடந்துதான் கடற்கரைக்கு வரவேண்டும். ஒரு நேரத்தில் 375 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். நீந்தத் தடை. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கடற்கரைக்கு ஓய்வு.

என் காலை நிறுத்திய விசிலுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

வெற்றிக்கதைதானா?

பொதுத்தாள் கட்டுரைக்கு இது அருமையான எடுத்துக்காட்டு என்று உங்களுக்குத் தோன்றலாம். ‘மூடினார்கள், இயற்கை மீண்டது.’ எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கொவிட்-19. மூடப்பட்டிருந்த காலத்தின் பிற்பாதியில் தாய்லாந்துக்கே வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் வர முடியவில்லை. மாயா விரிகுடா மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கடல் முழுவதும் அமைதியாக இருந்தது. எனவே, மீட்சியில் எவ்வளவு பங்கு மூடல் உத்தரவுக்கு, எவ்வளவு பங்கு பெருந்தொற்றுக்கு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இரண்டாவது, ஓர் இடத்தை மூடினால் கூட்டம் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. எங்கள் படகு மாயாவில் ஒரு மணி நேரம் மட்டுமே நின்றது. எஞ்சிய நேரத்தில் பக்கத்து விரிகுடாக்களுக்கும் தீவுகளுக்கும் போனோம். அங்கே முழங்கால் விதி இல்லை. பத்துப் பதினைந்து படகுகள் அருகருகே நிற்க, எல்லாரும் குதித்து நீந்தினார்கள். நாங்களும்தான்.

மூன்றாவது, வேலி போட முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. கடல்நீரின் வெப்பநிலை வழக்கமான கோடைகால உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் தம் உடலில் உள்ள பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. நிறம் போய் வெளிறி நிற்கின்றன. உலக அளவில் நான்காவது பவள வெளிறல் நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. தாய்லாந்துக் கடலும் நம் சிங்கப்பூர்க் கடலும் அதில் தப்பவில்லை. காவலர் விசில் ஊதி நிறுத்தக்கூடிய பயணி அல்ல வெப்பம். அந்த வெப்பத்தில் எங்கள் விமானப் பயணத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதனால் மூடியது வீண் என்று சொல்ல வரவில்லை. நங்கூரத்தாலும் கால்களாலும் அடிபடாத பவளம் வெப்பத்தைத் தாக்குப்பிடிக்கக் கொஞ்சம் கூடுதலான வாய்ப்புப் பெறுகிறது. ஆனால் ஓர் உத்தரவில் கடல் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று கைகழுவிவிட முடியாது.

படகோட்டியின் கணக்கு

எங்கள் படகில் பணியாற்றியவர்களில் நடுவயதுக்காரர் ஒருவர் ஓரளவு ஆங்கிலம் பேசினார். மூடியிருந்த காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதலில் வேறு தீவுகளுக்குப் படகு ஓட்டியதாகவும், பெருந்தொற்று வந்தபின் ஊருக்குப் போய் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்ததாகவும் சொன்னார். கடற்கரை இப்போது அழகாக இருக்கிறது என்றவர், ஆனால் அந்த நாள்களில் அழகைச் சாப்பிட முடியாதே என்பதுபோல் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

பிலிப்பீன்சின் போராக்காய் தீவிலும் இதே கதைதான். கழிவுநீர் கடலில் கலந்ததால் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்கு அந்தத் தீவே சுற்றுப்பயணிகளுக்கு மூடப்பட்டது. தண்ணீர் தெளிந்தது. ஆனால் ஹோட்டல் ஊழியர்கள், படகோட்டிகள், சிறு வியாபாரிகள் எனப் பல்லாயிரம் பேர் வருமானத்தை இழந்தார்கள். கடலைக் கெடுத்தது கூட்டம், விலை கொடுத்தது உள்ளூர் ஏழைகள்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது, நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த என் பாட்டி வியப்படையவில்லை. “இதென்ன புதுசு? நம்ம ஊர்ல வருசா வருசம் கடலுக்கு லீவு விடுறாங்களே,” என்றார்.

அவர் சொன்னது மீன்பிடித் தடைக்காலம். தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. முன்பு 45 நாள்களாக இருந்தது, 2017 முதல் 61 நாள்களானது. அந்தக் காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. தொகை போதவில்லை என்ற குறை ஆண்டுதோறும் எழுவது உண்மை. ஆனாலும், ‘கடலுக்கு ஓய்வு கொடுத்தால் கடலை நம்பியவருக்குச் சோறு யார் போடுவது’ என்ற கேள்வியை அந்த ஏற்பாடு ஒதுக்கிவிடவில்லை.

இன்னொரு தமிழகக் கடலும் நினைவுக்கு வருகிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்ட கடல் அது. 21 தீவுகளில் இரண்டு இப்போது நீருக்குள் போய்விட்டன. பூங்கா தேவைப்பட்டதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஆனால், தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி சேகரித்துப் பிழைத்த பெண்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அவர்கள் பாறைகளை உடைக்கவில்லை. இருந்தாலும் தடை அவர்கள் மீதும் விழுந்தது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து அதிகாரிகளோடு பேசினார்கள், மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான, பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அனைத்துலக சீகாலஜி விருது கிடைத்தது.

மாயா விரிகுடாவையும் சின்னப்பாலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. பாதுகாக்க வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. விதியை வகுக்கும் மேசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். கடலை நம்பி வாழ்பவர் அங்கே இருந்தால், அவரே விதிக்குக் காவலராகிறார். அவரை வெளியே நிறுத்தினால் எத்தனை விசில் ஊதினாலும் போதாது.

நம் வாசலில் வரும் கூட்டம்

இனி ஃபேரர் பார்க். ஓவன் ரோட்டுக்கு அருகே வீவக அடுக்குமாடியில் எங்கள் வீடு. நான் பிறந்த சிறிது காலத்திலேயே இங்கு சுற்றுப்பயணிகளைப் பார்த்துப் பழகிவிட்டேன். 2024ல் சிங்கப்பூருக்கு வந்த அனைத்துலக வருகையாளர்கள் 16.5 மில்லியன் பேர். நம் மக்கள்தொகையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அவர்களில் கணிசமானோர் லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நடை வந்துவிட்டுத்தான் போகிறார்கள். கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் டெங் நியாவின் பல வண்ண வீட்டின் முன் படம் எடுக்காதவர்கள் குறைவு.

அது நல்லதுதான். 1989ல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால்தான் இந்தக் கடைவீடுகள் நிற்கின்றன. வருகையாளர்கள் வருவதால் பூக்கடை முதல் புடவைக் கடை வரை பலருக்கு வியாபாரம் நடக்கிறது.

ஆனால் ஒரு நாள் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் பாட்டியின் முகத்துக்கு நேராக ஒரு சுற்றுப்பயணி கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். “நாம என்ன காட்சிப் பொருளா?” என்று வீட்டுக்கு வந்து கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், புக்கெட்டிலிருந்து திரும்பி வந்து என் கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அந்தப் படகுக்காரரின் படம் வந்தது. வெற்றுக்காலுடன் படகின் முனையில் நிற்கிறார். அழகான படம். அவரிடம் நான் கேட்கவே இல்லை. படத்தில் அவர் முகத்தை லேசாகத் திருப்பியிருக்கிறார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இன்னொரு தவறும் உண்டு. பயணத்துக்கு முதல் நாள் வீட்டருகே உள்ள கடையில் வெயில் தடுப்புக் களிம்பு வாங்கினேன். லேபிளைப் படிக்கவில்லை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்கள் கலந்த களிம்புகளைத் தாய்லாந்து 2021 முதல் கடல்சார் தேசியப் பூங்காக்களில் தடை செய்திருக்கிறது. அபராதம் 100,000 பாட் வரை. படகில் வழிகாட்டி இதைச் சொன்னபோது என் பையில் இருந்த குழாயை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ரசாயனங்களின் பெயர்களும் அதில் இருந்தன. காலையிலேயே பூசியிருந்தேன். களிம்பால் வரும் சேதம் வெப்பத்தால் வருவதைவிட மிகச் சிறியது என்பது உண்மை. ஆனால், அது என் கையில் இருந்த பங்கு. வெப்பத்தை நான் தனியாகக் குறைக்க முடியாது, லேபிளைப் படித்திருக்க முடியும்.

உபதேசம் செய்யும் தகுதி நமக்கும் குறைவுதான். சிங்கப்பூர்க் கடலில் ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் உள்ளன. அதே நேரத்தில், நிலமீட்பினால் நம் பவளப்பாறைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இழந்தும் இருக்கிறோம். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நடந்த கப்பல் மோதலில் கசிந்த எண்ணெய், செந்தோசா கடற்கரைகள் வரை கறுப்பாக ஒதுங்கியதை நாம் பார்த்தோம். எஞ்சியதைக் காக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2014ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்சார் பூங்கா, மூன்று ஆண்டு மேம்பாட்டுப் பணிகளுக்குப் பிறகு 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. நம் பவளங்களைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை, மரினா சவுத் படகுத்துறைக்குப் போனால் போதும்.

அடுத்த விடுமுறைக்கு முன்

பயணமே போகாதீர்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. நான் போனேன், மகிழ்ந்தேன், அந்தப் படகோட்டியின் வருமானத்தில் என் கட்டணமும் சிறு பங்கு. எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவர் மறுபடியும் ரப்பர்த் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் விமானச் சீட்டின் விலையை ஒப்பிட நாம் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, போகும் இடத்தைப் பற்றிப் படிக்கச் செலவிடலாம். அந்த இடம் ஆண்டின் எந்த மாதங்களில் மூடியிருக்கும், ஏன்? அங்கே எதற்குத் தடை? நாம் கொடுக்கும் பணம் உள்ளூர்க்காரர் கைக்குப் போகுமா? இவற்றைத் தெரிந்துகொண்டு போயிருந்தால், அந்த விசில் சத்தம் எங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்காது.

பாட்டிக்கு மாயா விரிகுடாவின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “குளிக்கக்கூட விடாத கடலுக்கு இவ்வளவு செலவு பண்ணிப் போனியா?” என்று கேட்டார்.

“சுறா திரும்பி வந்திருக்கு பாட்டி.”

“நீ பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப சரி,” என்றார் பாட்டி. “அது நிம்மதியா இருக்குதுன்னு அர்த்தம்.”